பத்திரப் பதிவும் பட்டாவும்: தமிழ்நாட்டின் இணைய நிலச் சேவைகள் குறித்து ஒரு மதிப்புரை

தமிழ்நாட்டில் நிலம் வாங்குவோர், விற்போர், பாகம் பிரிப்போர் ஆகிய எவருமே தவிர்க்க முடியாத இரண்டு அரசுச் சேவைகளை இம்மதிப்புரை எடுத்துக்கொள்கிறது. பத்திரப் பதிவு, வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின்மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்), சான்றிட்ட நகல் ஆகியவற்றுக்காகப் பதிவுத் துறை நடத்தும் இணையச் சேவை ஒன்று. பட்டா, சிட்டா (ஒருவர் பெயரிலுள்ள நிலங்களின் கணக்கு), அ-பதிவேடு (கிராமத்தின் புலங்களைப் பட்டியலிடும் கணக்கு), புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும் வழங்கும் இணையச் சேவை மற்றொன்று. குடும்ப நிலம் தொடர்பாகச் சில ஆண்டுகளாக இரண்டையும் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: சேவை என்ற அளவில் இவை பெரிதும் முன்னேறியிருக்கின்றன. ஆனால் இச்சேவைகள் நமக்கு எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்பதைக் கணினி தீர்மானிக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சி தன் தேவைக்காக வகுத்த சட்டங்களே இன்றும் அதைத் தீர்மானிக்கின்றன. அந்தச் சட்டங்களை அறியாமல் இச்சேவைகளை மதிப்பிட முயன்றால், கையில் கிடைக்கும் தாளுக்கு இல்லாத வலிமையை நாமே ஏற்றிச் சொல்லிவிடுவோம்.

முதலில் சேவையின் நிறைகளைச் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றைப் பெற ஒரு காலத்தில் மனு எழுதி, தேடுதல் கட்டணம் செலுத்தி, எழுத்தர் அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்று மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் அச்சொத்தின் பதிவுகளை வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் பார்வையிட முடிகிறது. சான்றிட்ட பிரதி வேண்டுமானால் மட்டும் கட்டணம். நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைத் தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் பார்க்கலாம். ஆவணத்தின் விவரங்களை முன்கூட்டியே உள்ளீடு செய்து, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இணையத்தில் செலுத்தி, டோக்கன் பெற்றுக் குறித்த நேரத்தில் போகலாம். 2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் இம்முறை வந்தபின், இடைத்தரகரின் உதவியின்றி ஒரு கிரையத்தை முடிப்பது சாத்தியமாகியிருக்கிறது. பட்டாப் பக்கத்திலும் இதே நிலைதான். உட்பிரிவு தேவைப்படாத கிரையங்களில், விற்பவர் பெயரில் பட்டா சரியாக இருக்குமானால், பதிவைத் தொடர்ந்து பட்டா தானாகவே மாறும் ஏற்பாடு வந்துள்ளது. அலைச்சலைக் குறைத்ததில் இதற்கு நிகரான மாற்றம் நிலச் சேவைகளில் வேறு நடக்கவில்லை என்பது என் கருத்து.

செலவு குறைவன்று. கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆவணத்தில் எழுதிய தொகை, வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதன்மேல் இவை கணக்கிடப்படுகின்றன. சொத்தின் விலையில் ஏறத்தாழ 11இல் ஒரு பங்கைச் செலுத்தும் ஒருவர், அதற்கு ஈடாக அரசிடமிருந்து உறுதியான ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 'பதிவாகிவிட்டது, இனி இடம் என்னுடையது' என்ற நிம்மதியோடுதான் பெரும்பாலோர் சார்பதிவகத்திலிருந்து வெளியே வருகிறார்கள். சட்டத்தின்படி அந்த நிம்மதிக்கு இடமில்லை.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதிவு செய்வது ஆவணத்தை, உரிமையை அன்று. பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் நேரில் வந்தாரா, அவர் இன்னார்தானா, தாம் எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பவற்றை அச்சட்டத்தின் 34, 35 பிரிவுகளின்படி பதிவு அலுவலர் விசாரிக்கிறார். விற்பவருக்கு அந்த நிலத்தில் உண்மையிலேயே உரிமை உண்டா என்பது மூலச் சட்டத்தில் அவருடைய வேலையாக வைக்கப்படவில்லை. தமக்குச் சொந்தமில்லாத நிலத்தை ஒருவர் விற்றால், முறையாகத் தீர்வை கட்டி, சாட்சிகளோடு வந்து, கைரேகை வைத்து முடிக்கப்பட்ட அந்தக் கிரையமும் முறையாகப் பதிவான ஒன்றாகவே புத்தகத்தில் ஏறும். உண்மையான உரிமையாளர் பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காட வேண்டும்.

இது கவனக்குறைவால் நேர்ந்த ஓட்டையன்று. அச்சட்டத்தின் நோக்கமே அவ்வளவுதான். 1857 எழுச்சிக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சியை நேரடியாக எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் அரசு, அடுத்த கால் நூற்றாண்டில் இந்தியாவின் சட்டங்களை வரிசையாகத் தொகுத்தது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் எழுதிமுடித்த வரைவு 1860இல் தண்டனைச் சட்டமானது. 1872இல் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் வந்தன. 1882இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. பதிவுக்கென 1864இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1866, 1871, 1877 ஆகிய ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்டு, 1908இல் இன்றைய வடிவத்தை அடைந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டமும் அதே 1908இல் வந்ததே. நீதிமன்றங்களில் பொய்ச் சாட்சியமும் போலி ஆவணமும் பெருகிவிட்டதாகக் கருதிய ஆட்சியாளர்கள், ஒரு ஆவணம் இன்ன நாளில் இன்னாரால் எழுதிக்கொடுக்கப்பட்டது என்பதற்கு அரசின் புத்தகத்திலேயே ஒரு சான்று இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். வழக்கு வரும் என்பதை முன்வைத்து, அவ்வழக்கில் பயன்படுவதற்கான சான்றைச் சேமித்துவைக்கும் ஏற்பாடே பதிவு. வழக்கே வராமல் காப்பது அதன் பணியாக ஒருபோதும் இருந்ததில்லை.

அந்த எல்லைக்குள் அவர்கள் கட்டியது திறமான கட்டமைப்பு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, தம்மிடம் ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தின் பின்புறத்தில் எடுத்தார். 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் பத்திரப் பதிவுக்கே விரல்ரேகையைக் கொண்டுவந்தார். இன்று நாம் சார்பதிவாளரின் மேசையருகே கண்ணாடித் தகட்டில் விரல் வைப்பது அதன் நேர்த் தொடர்ச்சி. அசையாச் சொத்து ஆவணங்களைப் பதியும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் எவர் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம், நகல் பெறலாம் என்று சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. வில்லங்கச் சான்று என்ற சேவையே அந்த ஒரு பிரிவின்மேல்தான் நிற்கிறது. அரசின் பதிவேடு பொதுமக்களின் கண்ணுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற அக்கொள்கை, மக்களை நம்பாத ஓர் ஆட்சியிடமிருந்து வந்ததாயினும், நல்ல கொள்கை. இணையச் சேவை அதை வீட்டு வாசல்வரை கொண்டுவந்ததற்காகப் பதிவுத் துறையை மனமாரப் பாராட்டுகிறேன்.

சட்டம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு தொகையே போதும். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவான ஆவணத்தின் மூலமே நடைபெற வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அந்த 100 ரூபாய் இன்றும் அப்படியே இருக்கிறது. 1882இல் அத்தொகை ஒரு எல்லைக்கோடு. இன்று அந்த விலைக்கு எந்த நிலமும் இல்லை.

இனிப் பட்டாவுக்கு வருவோம். பட்டாவே சொத்துக்கு இறுதி ஆதாரம் என்று கிராமங்களில் உறுதியாக நம்பப்படுகிறது. பத்திரத்தை வீட்டில் எங்கோ வைத்துவிட்டுப் பட்டாவை மட்டும் பத்திரப்படுத்துவோரை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நீதிமன்றங்களோ, பட்டா உரிமை ஆவணம் அன்று, அது வருவாய்க் கணக்கின் பதிவு மட்டுமே என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. இரண்டுக்கும் இடையிலான இந்த விலகல் எங்கிருந்து வந்தது என்று அறிய 1792க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் அங்கே வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு பயிர்செய்வோரிடமும் நேரடியாக வரி நிர்ணயிக்கும் முறையைத் தொடங்கினார்கள். வங்காளத்தில் கார்ன்வாலிஸ் 1793இல் ஜமீன்தார்களோடு நிலையான தீர்வை செய்துகொண்டதற்கு மாறாக, இங்கே அரசுக்கும் ரயத்துக்கும், அதாவது பயிர்செய்யும் குடியானவருக்கும், இடையில் எவருமற்ற ரயத்துவாரி முறை உருவானது. 1820இல் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானபோது அது மாகாணத்தின் பொது முறையானது. ஒவ்வொரு ரயத்துக்கும் அவர் வைத்திருக்கும் புலங்களையும் செலுத்த வேண்டிய தீர்வையையும் எழுதிக் கொடுத்த தாளே பட்டா. இந்த நிலத்துக்கு வரி கட்ட வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அது விடை சொல்கிறது. உரிமையாளர் யார் என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை.

அக்கேள்வியை ஏன் எழுப்பவில்லை என்றால், இங்கே நிலத்தின்மீதிருந்த உரிமைகள் ஒரே பெயரில் அடங்கக் கூடியவையாக இல்லை. தொண்டை மண்டலத்தில் மிராசு எனப்பட்ட பரம்பரைப் பங்குரிமை முறையில் ஊர் நிலம் பங்குகளாக இருந்தது. சில ஊர்களில் பங்குதாரரிடையே அது காலந்தோறும் மறுபகிர்வு செய்யப்பட்டது. பயிர் செய்தவருக்கு ஒரு வாரம் (விளைச்சல் பங்கு), உழைத்தவருக்கு ஒரு படி, கோயிலுக்கு ஒரு பகுதி என்று விளைச்சலின்மேல் பலருக்கும் பாத்தியம் இருந்தது. சென்னையின் கலெக்டராக இருந்த எல்லிஸ் இந்த மிராசு உரிமைகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். வரி நிர்வாகத்துக்கு அத்தனை சிக்கல் தேவைப்படவில்லை. புலத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பெயர் எழுதப்படாதவரின் பாத்தியம் அரசின் கண்ணில் இல்லாமற்போயிற்று. அந்தப் பாத்தியங்களை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உழவுத் தொழிலாளர்கள் என்பதை நினைக்கும்போது, பட்டாவின் எளிமையைப் பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை.

இந்தக் கணக்குகளைக் காத்த துறைக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தையும் மறந்துவிடக் கூடாது. வரி வசூல், குற்றவியல் நடுவர் பொறுப்பு, காவல் ஆகியவற்றை 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் சென்னை மாகாணத்தில் கலெக்டரிடமே குவித்தன. அந்தக் குவிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது: நிலவரி பாக்கிக்காகக் கீழ்நிலை வருவாய் ஊழியர்கள் குடியானவர்களை வெயிலில் நிறுத்தியும் உடலை வளைத்துக் கட்டியும் வதைத்ததை அரசே நியமித்த குழு எழுதி ஒப்புக்கொண்டது. 1864இன் வருவாய் வசூல் சட்டமும் 1905இன் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் குடிமகன் தன்னை அறியாமல் குனிந்து நிற்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். இணையச் சேவை தந்த நன்மைகளில் நான் பெரிதாக மதிப்பது பணச் சிக்கனத்தையன்று. மனு எண்ணை வைத்து நிமிர்ந்து கேட்கும் நிலையை அது தந்திருக்கிறது என்பதைத்தான்.

விடுதலைக்குப் பின் இவையெல்லாம் மாறியிருக்க வேண்டும் என்று தோன்றலாம். அரசமைப்புச் சட்டத்தின் 372ஆம் பிரிவு, அதுவரை நடைமுறையிலிருந்த சட்டங்கள் மாற்றப்படும்வரை தொடரும் என்றது. 1948இன் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை ஒழித்து, அந்நிலங்களை ரயத்துவாரியாக மாற்றியது. ஜமீன்தாரி ஒழிந்தது உண்மையான விடுதலை. ஆனால் விடுதலை பெற்ற குடியானவர் போய்ச் சேர்ந்த இடம் மன்றோவின் கணக்குப் புத்தகமே. 1980இல் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதே ஆண்டில் 1786 முதல் இருந்துவந்த வருவாய் வாரியத்தை ஒழிக்கவும் சட்டம் வந்தது. ஆட்கள் மாறினார்கள், பதவிகள் மாறின. ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கும், அதைச் சரிபார்க்கும் ஜமாபந்தியும், அ-பதிவேடும் பயிர்க் கணக்கான அடங்கலும் நிலைத்தன. இவற்றில் பசலி, ஜமாபந்தி போன்றவை பிரிட்டிஷாருக்கும் முந்தியவை. அவர்கள் அவற்றை எடுத்துத் தம் இயந்திரத்தில் பொருத்திக்கொண்டார்கள். நாம் இயந்திரத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

ஒரே நிலத்துக்கு இரண்டு துறைகள் ஏன் என்ற கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது. வரிக்கு ஒரு புத்தகம், வழக்குக்கு ஒரு புத்தகம் என்று தொடங்கிய பிரிவு, 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் அதிகாரப் பட்டியல்கள் வழியாக நம் அரசமைப்புக்குள்ளும் வந்தது. நிலமும் நில ஆவணங்களும் மாநிலப் பட்டியலில். ஆவணப் பதிவும் வேளாண் நிலம் தவிர்த்த சொத்து மாற்றமும் பொதுப் பட்டியலில். ஆகவே ஒரு வீட்டுமனையை வாங்குபவர் மத்தியச் சட்டத்தின்படி சார்பதிவகத்தில் ஒரு பதிவையும், மாநிலச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் மற்றொரு பதிவையும் பெற வேண்டியிருக்கிறது. இரண்டும் முரண்பட்டால் மூன்றாவதாக உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். இரண்டு இணையதளங்களும் இப்போது ஒன்றோடொன்று பேசுகின்றன என்பது பெரிய சாதனைதான். ஆயினும் இரண்டு புத்தகங்களிலும் ஏறியிருக்கும் விவரங்களே ஒன்றையொன்று மறுக்கும்போது, அவற்றை எவ்வளவு விரைவாக இணைத்தாலும் முரண்பாடு தீராது.

முரண்பாடு எவ்வளவு இயல்பாக நேர்கிறது என்பதற்கு யு.டி.ஆர். ஒன்றே சான்று. 1979இல் தொடங்கி 1980களில் நடந்த அந்தப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டத்தில் கிராமக் கணக்குகள் மீண்டும் எழுதப்பட்டன. ஏக்கரும் சென்டும் ஹெக்டேரும் ஏருமாயின. பல இடங்களில் அண்ணன் தம்பிகளில் ஒருவரின் பெயர் மட்டும் ஏறியது, பரப்பு குறைந்தது, பக்கத்துப் புலத்துக்காரரின் பெயர் மாறி விழுந்தது. அந்தத் தாள்களே பின்னர் கணினியில் ஏற்றப்பட்டன. பிழை இருந்த இடத்தில் பிழையும் அச்சுச் சுத்தமாக ஏறிவிட்டது. எங்கள் உறவில் ஒருவரின் பாகம் இப்படிக் கூட்டுப் பட்டாவிலிருந்து விடுபட்டுப்போயிற்று. அவரிடம் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தும் கோட்டாட்சியர் வரை மேல்முறையீடு செய்தே பெயரைச் சேர்க்க முடிந்தது. யு.டி.ஆர். பிழைகளைத் திருத்தத் தனி வழிமுறை இருப்பதும், மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை இணையத்தில் பார்க்க முடிவதும் ஆறுதலானவை. இருப்பினும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுத்தர் செய்த பிழையை நிரூபிக்கும் சுமை குடிமகனின் தலையில் இருப்பது நியாயமன்று. முந்தைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டையும் யு.டி.ஆர். பதிவேட்டையும் ஒப்பிட்டு, மாறுபாடுள்ள புலங்களைத் துறையே முன்வந்து அறிவிக்க வேண்டும். இந்தச் சேவையிடம் நான் எதிர்பார்க்கும் முதல் மேம்பாடு அதுவே.

உரிமையை ஆராயாத பதிவு யாரை அதிகம் வதைத்தது என்றால், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைத்தான் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அளித்த அறிக்கையில், மிராசுதாரரின் முன்னுரிமை காரணமாக அவர்களால் தரிசு நிலம்கூடப் பெற முடியாததை விளக்கினார். அதன் விளைவாக 1892இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு அதை விற்கக் கூடாது, அதன் பிறகும் பிற வகுப்பினருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. நிபந்தனை வருவாய்த் துறையின் கோப்பில் இருந்தது. கிரையம் பதிவுத் துறையின் புத்தகத்தில் நடந்தது. விற்பவருக்கு விற்கும் அதிகாரம் உண்டா என்று பார்ப்பது தன் வேலையன்று என்று ஒதுங்கிய ஒரு முறையில், அந்த நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறர் பெயருக்குப் போயின. 1994இல் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இன்று பஞ்சமி நிலத்தின் புல எண்கள் அனைத்தையும் இரு துறைகளின் கணினியிலும் வெளிப்படையாகக் குறித்துவைத்து, அவ்வெண்ணில் எந்த மாற்று ஆவணம் வந்தாலும் தடுத்து நிறுத்துவது தொழில்நுட்பத்துக்கு எளிது. இதைச் செய்து முடிப்பது இச்சேவையின் நேர்மைக்கான சோதனை என்றே கருதுகிறேன்.

வேறு முறையே இல்லையா என்றால், அதே பேரரசுக்குள் இருந்தது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டாரென்ஸ் கொண்டுவந்த முறையில், அரசின் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. பழங்குடிகளின் நிலத்தைப் பறித்து அரசே குடியேறிகளுக்குப் புதிதாக வழங்கிய நாட்டில் உரிமைச் சங்கிலி குட்டையானது, ஆகவே உறுதி கொடுப்பது எளிதாக இருந்தது. இந்தியாவில் பல நூற்றாண்டுகளின் உரிமைகளை ஆராய்ந்து உறுதி கொடுக்கும் செலவையும் பொறுப்பையும் காலனி அரசு ஏற்கவில்லை. 2008இல் தேசிய நில ஆவண நவீனமயத் திட்டம் அத்தகைய உறுதியான உரிமையை இலக்காகச் சொன்னது. ராஜஸ்தான் 2016இல் நகர்ப்புறத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆந்திரப் பிரதேசத்தின் நில உரிமைச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2024இல் நீக்கப்பட்டது. அந்த எதிர்ப்பை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். தவறான பட்டாக்கள் நிறைந்த பதிவேட்டை ஒரே நாளில் இறுதி உரிமையாக அறிவித்தால், தவறுதான் இறுதியாகும்.

தமிழ்நாடு வேறொரு வழியை முயன்றது. 2022இன் திருத்தங்கள், போலி ஆவணத்தைப் பதிய மறுக்கும் அதிகாரத்தையும், பதிந்த போலி ஆவணத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யும் அதிகாரத்தையும் தந்தன. முந்தைய மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற விதியும் சேர்ந்தது. ரத்து செய்யும் அதிகாரத்தைத் தந்த 77-அ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாதென்றது. மூல ஆவணம் குறித்த 55-அ விதியின் முதல் உட்பிரிவை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாதென்றது. எழுதிக்கொடுப்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் பணியன்று என்பதே காரணம். மாநில அரசின் நோக்கம் நல்லது. நீதிமன்றத்தின் தர்க்கமும் சட்டப்படி சரியானது. 1908இன் சட்டத்தை மாற்றாமல் அதன் உள்ளே உரிமைப் பாதுகாப்பைச் செருக முடியாது என்பதை இத்தீர்ப்புகள் தெளிவாக்கிவிட்டன.

ஆகவே, இச்சேவைகளைப் பயன்படுத்துவோர் வில்லங்கச் சான்றில் வராதவற்றை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பதிவாகாத உயில், வாரிசுரிமை, வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவுக்கு வராத நீதிமன்றத் தீர்ப்பு, நிலத்தின்மீதான அனுபோகம் ஆகிய எவையும் அதில் தெரியாது. எனவே 30 ஆண்டு வில்லங்கம் பார்ப்பதோடு தாய்ப் பத்திரங்களின் (முந்தைய உரிமைப் பத்திரங்களின்) சங்கிலியை முழுதும் படிக்க வேண்டும். சங்கிலியில் இறப்பு வரும் இடத்திலெல்லாம் வாரிசுச் சான்றைக் கேட்க வேண்டும். புல எண்ணோடு பழைய எண்ணையும் கொடுத்துத் தேட வேண்டும், ஏனெனில் உட்பிரிவுக்கு முன் நடந்த கிரையம் பழைய எண்ணில்தான் கிடக்கும். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் இறக்கி வைத்து, பத்திரத்தின் நான்கெல்லையோடு நிலத்தில் நின்று ஒப்பிட வேண்டும். 1923இன் நில அளவைச் சட்டத்தின்படி நடப்பட்ட கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகரத்து அடுக்ககத்துக்கு இவற்றில் பாதி தேவைப்படாது. கிராமத்துப் பூர்வீக நிலத்துக்கு எதையும் விட முடியாது. அத்தகைய நிலத்தை வழக்கறிஞரின் கருத்துரை இல்லாமல் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

1908இன் சட்டத்துக்கு மாற்றாக ஒரு பதிவு மசோதா வரைவை மத்திய நில வளத் துறை 2025 மே மாதத்தில் பொதுக் கருத்துக்கு வைத்தது. இணையவழிப் பதிவு, மின்னணுச் சான்று, விற்பனை ஒப்பந்தத்துக்கும் அதிகார ஆவணத்துக்கும் கட்டாயப் பதிவு ஆகியவை அதில் இருக்கின்றன. இவற்றால் வில்லங்கச் சான்று இன்னும் முழுமையாகும். அதை நான் வரவேற்கிறேன். பதியப்படுவது ஆவணமே என்ற அடிப்படை அதிலும் மாறவில்லை. புல எண்வாரியாக வருவாய்ப் பதிவேட்டையும் பதிவுப் புத்தகத்தையும் ஒப்பிட்டு, முரணில்லாத புலங்களுக்கு அரசு பொறுப்பேற்கும் சான்று, முரணுள்ள புலங்களுக்கு இலவசத் தீர்வாயம் என்று படிப்படியாகச் செய்ய இன்றைய கணினி அமைப்பு போதுமானது. செலுத்தும் 9 விழுக்காட்டுக்கு ஈடாக அந்தச் சான்று கிடைக்கும் நாளில் இந்தச் சேவைகளுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இப்போதைக்கு வேகத்துக்கும் வெளிப்படைத்தன்மைக்கும் ஐந்தில் நான்கு. உரிமைப் பாதுகாப்புக்கு ஐந்தில் ஒன்று.